கைவேலைக் கத்தி: விலை எதற்கு, தரம் எதில்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கத்தி சேர்ப்பவன் என்று ஊரில் தெரிந்துவிட்டால் கல்யாண வீட்டுப் பந்தியிலும் கேள்வி வரும், வடசேரி பஸ் ஸ்டாண்டிலும் வரும். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்து நண்பர்கள் பெரும்பாலும் ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். ஒருவர் தம் பட்டறையில், வாங்குபவரின் கைக்கும் வேலைக்கும் பொருந்தும்படி செய்து தரும் கத்தியைத்தான் கைவேலைக் கத்தி என்கிறேன். அவர் குலசேகரத்தில் இருந்தாலும் சரி, கலிபோர்னியாவில் இருந்தாலும் சரி.

கடையில இருநூறு ரூபாய்க்கு நல்ல கத்தி கிடைக்குது. இதுக்கு என்னத்துக்கு எட்டாயிரம்?

உருக்குக்காக அல்ல. அடுக்களைக் கத்தி ஒன்றில் இருப்பது இருநூறு கிராம் அளவு உருக்குதான். நல்ல உருக்காகவே இருந்தாலும் அதன் விலை மொத்தத்தில் சிறு பங்கு. மற்றதெல்லாம் மனித நேரம். பட்டையை வெட்டி அல்லது காய்ச்சி அடித்து வடிவம் கொண்டுவர வேண்டும், சூடாக்கி எண்ணெயில் தோய்க்க வேண்டும், திரும்பச் சூடாக்கிப் பதம் பார்க்க வேண்டும், சரிவு பிடிக்க வேண்டும், பிடி பொருத்த வேண்டும், உறை தைக்க வேண்டும்.

இதில் வெளியே தெரியாத பெரிய வேலை உப்புத்தாள் தேய்ப்பு. எண் கூடக்கூட நைசாகும் தாள்களில் 120இல் தொடங்கி 220, 400, 600 என்று போகும்போது முந்தைய தாள் போட்ட ஒவ்வொரு கீறலையும் அடுத்த தாள் முழுவதுமாக எடுத்தாக வேண்டும். அதைக் கையால் செய்பவருக்கு அரை நாள் போய்விடும். தோய்க்கும்போது எண்ணெய்க்குள்ளேயே வெடித்துப்போன கத்திகளும் உண்டு. அந்த நஷ்டத்தையும் மிஞ்சிய கத்திகள்தான் சுமக்க வேண்டும். இருநூறு ரூபாய்க் கத்தியை ஒரு மெஷின் நிமிடக் கணக்கில் வெட்டித் தள்ளுகிறது. அது மோசமான பொருள் என்று நான் சொல்லமாட்டேன், மீன் வெட்ட அதுவும் போதும்.

அப்ப விலை கூடக் கூட தரமும் கூடுமா?

ஓரளவு வரை கூடும், அதற்குமேல் கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

கீழ்ப்படியில் பணத்துக்கு உடனே பலன் தெரியும். ஐந்நூறு ரூபாய்க் கத்திக்கும் மூவாயிரம் ரூபாய்க் கத்திக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணை மூடிக்கொண்டே மரச்சீனிக் கிழங்கு வெட்டிச் சொல்லிவிடலாம். நல்ல உருக்கு, சரியான பதம், மெலிந்த வாய் (வெட்டும் ஓரம்), ஆடாத பிடி எல்லாம் அமைந்த பிறகு விலையை இரண்டு மடங்காக்கினால் வெட்டு இரண்டு மடங்காகாது, கொஞ்சம்கூடக் கூடாமலும் போகலாம். அங்கிருந்து மேலே நீங்கள் வாங்குவது மெருகு, அபூர்வ மரம், டமாஸ்கஸ் என்னும் அலையலையான உருக்குக் கோலம், செய்தவரின் பெயர், வரிசையில் காத்திருந்த வருடங்கள்.

அது ஏமாற்று அல்ல. அந்த அழகுக்காகப் பணம் கொடுப்பதில் தவறும் இல்லை, நானும் கொடுத்திருக்கிறேன். ஆனால் எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும். "விலை கூடியது, அதனால் நன்றாக வெட்டும்" என்று நினைத்து வாங்குபவர்தான் கடைசியில் மனம் நோகிறார்.

தரம்னு எதைச் சொல்லுதீங்க? பளபளப்பையா?

பதத்தை. சூடும் தோய்ப்பும் உருக்குக்குக் கொடுக்கும் கடினமும் உறுதியும் சேர்ந்தது பதம். முதலும் முக்கியமும் அதுதான். 1095 என்ற கரியுருக்கை எடுத்துக்கொள்ளுங்கள், அதில் சுமார் 0.95 சதவீதம் கரி இருக்கிறது. அதைச் சுமார் 800 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி எண்ணெயில் சட்டென்று தோய்த்தால் கண்ணாடிபோல் கடினமாகும். அப்படியே விட்டால் கீழே விழுந்தாலே உடையும். அதனால் மறுபடியும் 200 டிகிரி அளவில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்து இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்துவார்கள். கூர் நிற்கவும் வேண்டும், வாய் உதிரவும் கூடாது.

முதல் சூட்டில் தவறினாலும், இரண்டாவது சூட்டில் தவறினாலும் உலகத்தின் மிக உயர்ந்த உருக்கும் வெறும் தகரம்தான். ஒரே பட்டையை இரண்டாக வெட்டி இரண்டு பேரிடம் கொடுத்தால் இரண்டு விதக் கத்தி வரும். நம் ஊர் ஆசாரிகள் நிறம் பார்த்தே சூடு சொல்வார்கள். அதற்காகத்தான் வெயில் படாத இருட்டு மூலையில் உலை வைப்பது. காந்தம் ஒட்டாமல் போகும் கட்டத்தை வைத்துப் பார்ப்பவர்களும் உண்டு. இரும்பு 770 டிகிரி அளவில் காந்தத்தன்மையை இழக்கும், அதற்குச் சற்று மேலே தோய்க்க வேண்டும். இன்று பலர் மின்சாரச் சூளை வைத்திருக்கிறார்கள். எது வைத்திருக்கிறார் என்பதைவிட ஒவ்வொரு கத்திக்கும் ஒரே பதம் வருகிறதா என்பதே கேள்வி.

பதத்துக்கு அடுத்தது வாயின் மெலிவு. கூருக்குச் சற்று மேலே அடுக்களைக் கத்தி அரை மில்லிமீட்டருக்கும் கீழே மெலிந்திருந்தால் கிழங்கு வழுக்கிக்கொண்டு அறுபடும். தடித்திருந்தால் எவ்வளவு தீட்டினாலும் கிழங்கு பாதியில் வெடித்துப் பிளக்கும். வெட்டுக்கத்திக்கு இதே மெலிவு ஆகாது, மட்டையில் ஒரு போடு போட்டதும் வாய் மடங்கிவிடும்.

பதத்தைக் கண்ணால பாக்க முடியாதுன்னா வாங்குறவன் எப்படித் தெரிஞ்சுக்கிறது?

முழுதாகத் தெரிந்துகொள்ள முடியாது என்பதுதான் உண்மை. அதனால்தான் கைவேலைக் கத்தியில் ஆளைப் பார்த்து வாங்குகிறோம். ஆனாலும் சில வழிகள் இருக்கின்றன. வாய்ப்பக்கத்தில் நல்ல அரத்தை மெல்ல வைத்து இழுத்தால் கடித்துப் பிடிக்காமல் வழுக்க வேண்டும், பிடித்தால் கத்தி மென்மை. கத்தி செய்பவரின் அனுமதியோடு, கத்தி முடிவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். இன்னொன்று பித்தளைக் கம்பி. கம்பியின்மேல் வாயைச் சாய்த்து மெல்ல அழுத்தி நகர்த்தினால் கூர் லேசாக வளைந்து திரும்ப வர வேண்டும். வளைந்தபடியே நின்றால் கடினம் குறைவு, உதிர்ந்தால் கூடுதல்.

கண்ணில் படும் ஒரே அபாயக் குறி நீல நிறம். தோய்த்த கத்தியைக் கிரைண்டரில் அவசரமாகப் பிடித்தால் வாய் சூடேறி நீலம் பாயும். அது கரியுருக்கு 300 டிகிரி பக்கம் போய்விட்டதற்கு அடையாளம், அந்த இடத்தில் பதம் போய்விட்டது. மெருகு போட்டு நீலத்தை மறைக்கலாம், போன பதம் திரும்பாது.

செய்பவரிடம் நேராகக் கேளுங்கள்: எந்த உருக்கு, எதில் தோய்த்தீர்கள், எவ்வளவு நேரம் பதம் வைத்தீர்கள், ராக்வெல் (கடினத்தைச் சொல்லும் எண்) எவ்வளவு? ஐரோப்பியத் தொழிற்சாலை அடுக்களைக் கத்திகள் பொதுவாக ராக்வெல் 56 முதல் 58 வரை இருக்கும், ஜப்பானியக் கத்திகள் 60க்கு மேலே போகும். எண் தெரியாது என்று ஆசாரி சொன்னால் அதனாலேயே ஒதுக்கிவிடாதீர்கள். பட்டறையில் முடிந்த கத்தி ஒன்றை எடுத்து, அது செய்ய வேண்டிய வேலையை உங்கள் முன்னால் செய்துகாட்டச் சொல்லுங்கள். அமெரிக்காவில் 1976இல் தொடங்கிய கத்தி அடிப்பவர் சங்கத்தின் தேர்விலும் இதுதான் நடக்கிறது. தொங்கும் ஓரங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும், இரண்டு மரச்சட்டங்களை வெட்டித் தள்ள வேண்டும், அதே வாயால் கை ரோமம் வழிக்க வேண்டும், கடைசியில் கத்தியைப் பிடிச்சிராவியில் (வைஸ்) பூட்டி 90 டிகிரி வளைக்க உடையாமல் நிற்க வேண்டும். அங்கே பளபளப்புக்கு முன்னால் இதைத்தான் பார்க்கிறார்கள்.

உருக்கு பேரெல்லாம் நம்பராட்டு இருக்கு. எது கொள்ளாம்?

வேலையைப் பொறுத்தது. 1095, 52100 போன்ற கரியுருக்குகள் மெல்லிய கூர் பிடிக்கும், தீட்ட எளிது, ஆனால் துருப்பிடிக்கும். 5160 ஸ்பிரிங் உருக்கு, அடி தாங்கும், வெட்டுக்கத்திக்கும் கோடாலிக்கும் ஏற்றது. டி2 கூரை நெடுநாள் வைத்திருக்கும், தீட்ட மெனக்கெட வேண்டும். எஸ்30வி போன்ற தூள் உலோக உருக்குகள் (உருக்குத் தூளை அழுத்திச் சேர்த்துச் செய்தவை) விலை கூடியவை, அவற்றுக்குக் கட்டுப்பாடான சூளை வேண்டும். கரி அடுப்பில் வேலை செய்பவர் அதைப் பயன்படுத்துவதாகச் சொன்னால் பதம் எங்கே வைத்தார் என்று கேளுங்கள். வெளியே கொடுத்து வைத்தாரென்றால் நல்லதுதான்.

எண்ணைப் பார்த்து விலை கொடுக்க வேண்டாம். நன்றாகப் பதம் வைத்த சாதாரண 5160, பதம் தவறிய எஸ்30வியைவிட மேல்.

லாரிப் பட்டையில அடிச்சதுன்னா மட்டம்னு சொல்லுதாங்களே, உள்ளதா?

இல்லை. லாரி ஸ்பிரிங் பட்டைகளில் பல 5160 வகையையோ அதன் நெருங்கிய உறவையோ சேர்ந்தவை. குறை ஒன்றுதான்: பழைய பட்டை சரியாக எந்த உருக்கு என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது, உள்ளே மயிரிழை வெடிப்பும் இருக்கலாம். அனுபவமுள்ள ஆசாரி ஒரு துண்டைத் தோய்த்து உடைத்து, உடைந்த முகத்தில் தெரியும் மணிகள் நைசா பெரிதா என்று பார்த்தபிறகுதான் வேலை தொடங்குவார். ஆசாரி அப்படிப் பார்த்தாரா என்று கேளுங்கள்.

ராபர்ட் லவ்லெஸ் என்ற அமெரிக்கக் கத்திக்காரரின் பெயரைச் சேகரிப்பவர்கள் எல்லோரும் சொல்வார்கள். கப்பலில் வேலை செய்த அவர், விரும்பிய கத்தி கடையில் கிடைக்காமல் 1950களில் தாமே செய்த முதல் கத்தி பழைய பாக்கார்டு காரின் ஸ்பிரிங்கிலிருந்து வந்தது.

நம்ம ஊர் ஆசாரி அடிக்கிற வெட்டுக்கத்தியை எல்லாம் சேகரிப்புல சேக்கலாமா? பாக்கிறவங்க சிரிப்பாங்களே?

சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கைவேலைக் கத்தி என்பதற்கு முதல் பதிலுக்கு முன்பே ஒரு விளக்கம் சொன்னேன்: ஒரு கைக்கும் ஒரு வேலைக்கும் பொருந்தும்படி ஒருவர் செய்தது. பனையேறியின் பாளை அரிவாளைவிட அந்த விளக்கத்துக்குப் பொருந்துவது உலகத்தில் குறைவு. பாளையின் நுனியை நாள்தோறும் மிக மெல்லிய சீவலாகச் சீவினால்தான் பதநீர் வடியும். கூர் போனால் பாளை நசுங்கும், வடிப்பு நின்றுவிடும். அதனால் பனையேறி தன் கையின் வீச்சு, மணிக்கட்டின் வளைவு எல்லாம் சொல்லி அடித்து வாங்குவார், தீட்டுக்கட்டையில் வெள்ளைக்கல் பொடி தூவித் தீட்டி, இடுப்பில் கட்டிய அரிவாள் பெட்டியில் வைத்திருப்பார். மழை, உப்புக்காற்று, பதநீர்ப் பிசுக்கு எல்லாவற்றுக்கும் ஈடுகொடுத்த கருவி அது.

ரப்பர் வெட்டுபவர்களையும் பாருங்கள். பட்டையைச் சீவும்போது உள்ளிருக்கும் உயிர்த்தோலைத் தொடாமல், ஆனால் அதற்கு மிக அருகே போக வேண்டும். ஒரு மில்லிமீட்டர் கூடினால் மரத்துக்குக் காயம், குறைந்தால் பால் குறைவு. குலசேகரம், அருமனைப் பக்கம் அந்த வேலையில் ஊறிய ஒருவர் கையில் உங்கள் புதுக் கத்தியைக் கொடுத்து "வாய் எப்படி?" என்று கேளுங்கள். நான் அப்படிக் கேட்டுத்தான் வாங்குகிறேன்.

விலை என்ன என்றால், பட்டறையில் வெட்டுக்கத்தி இன்னும் நூறுகளில்தான் போகிறது, நல்லது ஆயிரத்தைத் தொடும். இரண்டாவது கேள்வியில் சொன்ன கீழ்ப்படிக் கணக்கில் பார்த்தால், கொடுத்த பணத்துக்குக் கிடைக்கும் பதம் இங்கேதான் அதிகம். மெருகு இருக்காது, சுத்தியல் தழும்பு இருக்கும். மெல்லிரும்பு உடலுக்குள் உருக்குத் துண்டை வைத்துக் காய்ச்சி இணைத்து வாய் எடுக்கும் முறையை இங்கே சில ஆசாரிகள் இன்னும் வைத்திருக்கிறார்கள். ஜப்பானின் சக்காய் ஊர் அடுக்களைக் கத்திகள் பலவும் இதே வழியில் வருபவை: மென்மையான இரும்பில் கடின உருக்கு வாய். அங்கே அடிப்பவர் ஒருவர், தீட்டுபவர் ஒருவர், பிடி போடுபவர் ஒருவர். அந்த வேலையின் பெருமையை உலகம் விலையாகக் கொடுக்கிறது. இங்கே பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடுகின்றன. முடிந்தவரை நேரில் போய், கேட்ட விலை கொடுத்து வாங்குங்கள்.

டமாஸ்கஸ் கத்தி வாங்கலாமா? ஆன்லைன்ல ரெண்டாயிரத்துக்கே வருதே.

கோலம் பிடித்திருந்தால் வாங்கலாம், வெட்டுக்காக வாங்க வேண்டாம். இன்று டமாஸ்கஸ் என்று விற்பது பெரும்பாலும் இரண்டு வகை உருக்கை அடுக்கி, காய்ச்சி ஒட்டி, மடித்து அடித்தது. 1095உடன் நிக்கல் கலந்த 15என்20 என்பது பரவலான சேர்க்கை. அமிலத்தில் நனைத்தால் ஒன்று கறுக்கும், நிக்கல் உள்ளது வெளுத்து நிற்கும், கோலம் தெரியும். 1973இல் அமெரிக்காவில் பில் மோரன் ஒரு கண்காட்சியில் இப்படிச் செய்த கத்திகளை வைத்த பிறகுதான் இந்த மோகம் உலகம் முழுவதும் திரும்பியது. நல்ல கையில் அது பெரிய வித்தை. ஆனால் வெட்டும் திறன், அதே பதத்தில் ஒற்றை உருக்கில் செய்த கத்திக்குச் சமம்தான்.

இரண்டாயிரம் ரூபாய்க் கத்திகளில் அடுக்கு இருந்தாலும் என்ன உருக்கு என்று சொல்லமாட்டார்கள், பல நேரம் மென்மையான இரும்பு. சிலவற்றில் கோலம் மேலே அச்சடித்தது. முதுகையும் வாயையும் உற்றுப்பாருங்கள், கோடுகள் அங்கேயும் தொடர வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி அமிலத்தில் நனைத்தால் உண்மைக் கோலம் திரும்பி வரும்.

வூட்ஸ் என்னும் நம் நாட்டுப் பழைய உருக்கு வேறு. மண்மூசையில் (உலோகம் உருக்கும் மண் பாத்திரத்தில்) இரும்பையும் கரிப்பொருளையும் அடைத்து உருக்கி எடுத்தது அது. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணல் அகழாய்வில் அப்படி உருக்குச் செய்த தடயங்கள் கிடைத்தன. அதன் நீரோட்டக் கோலம் அடுக்கினால் வருவதல்ல, உருக்குக்குள் இருக்கும் நுண்ணிய கரிச்சேர்மங்கள் வரிசைகட்டி நிற்பதால் வருவது. அதைச் செய்து விற்பதாக ஒருவர் சொன்னால் கோலத்தைவிட அவர் சொல்லும் செய்முறையைக் கேளுங்கள்.

பெரிய பேர் உள்ளவர் செய்ததுன்னு லட்சக்கணக்கில கேக்குதாங்க. நியாயமா?

பெயருக்கு விலை உண்டு, அது வேறு கணக்கு. மேலே சொன்ன லவ்லெஸ் 2010இல் காலமானார். இனி அவர் கையால் ஒரு கத்தியும் வராது, அதனால் விலை ஏறுகிறது, கத்தியின் வெட்டு ஏறவில்லை. அதே வடிவத்தில், அதே நேர்த்தியோடு இன்று பலர் செய்கிறார்கள், பத்தில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கும். வரலாற்றின் ஒரு துண்டு வேண்டுமா, கத்தி வேண்டுமா என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

முதலீடு என்று சொல்லி விற்பவரிடம் மட்டும் வாங்காதீர்கள். திரும்ப விற்க வாங்குபவர் வேண்டும், அவர் நாகர்கோவிலில் இருக்கமாட்டார்.

பாக்க நேர்த்தியா இருந்தா பதமும் நல்லா இருக்கும்னு எடுத்துக்கலாமா?

நல்ல கேள்வி, பதில் பாதிதான் ஆம். பிடிக்கும் உருக்குக்கும் நடுவே இடைவெளி இல்லை, இரண்டு பக்கச் சரிவும் சமம், ஆணி வழுவழுப்பாக உட்கார்ந்திருக்கிறது என்றால் செய்தவர் பொறுமைக்காரர். பொறுமைக்காரர் பதத்திலும் பொறுமையாக இருந்திருப்பார் என்று நம்ப இடம் உண்டு. மாறாக, பிடியில் இடைவெளியைப் பசையால் அடைத்திருந்தால் உள்ளேயும் அவசரம் இருந்திருக்கலாம்.

ஆனால் கண்ணாடி மெருகு வேறு. அது சக்கரத்தில் பஞ்சு வைத்து மணிக்கணக்கில் தேய்த்தால் வந்துவிடும், கீழே பதம் இல்லாமலும் வரும். நேர்த்தியையும் மெருகையும் பிரித்துப் பாருங்கள். சுத்தியல் தழும்பு போகாத வெட்டுக்கத்தியில்கூடப் பிடி அசையாமல், வாய் ஒரே கோட்டில் ஓடினால் அது நேர்த்திதான்.

பிடிக்கு மான் கொம்பு போட்டுத் தருவாங்களாமே?

வேண்டாம். கடமான், புள்ளிமான் கொம்பு, யானைத் தந்தம் இவற்றின் வியாபாரத்தை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. "காட்டில் தானாக உதிர்ந்தது" என்ற சமாதானம் உதவாது. ஈட்டி மரம் என்றால் எங்கிருந்து வந்தது என்று ரசீதோடு கேளுங்கள்.

நம்மிடமே அருமையான மரங்கள் இருக்கின்றன. வைரம் பாய்ந்த பனையில் கறுப்பு நாரும் வெளிர் நாரும் மாறிமாறி ஓடும். நார் பிரியாமல் இருக்கப் பசை ஊற்றி இறுக்கினால் அதைப்போல அழகு வேறில்லை. புளி, வேங்கை, நன்றாகக் காய்ந்த பலாக்காதல் (பலாவின் வைரம்) எல்லாம் கைக்கு இதமாக இருக்கும். பழைய வீடு இடிக்கும்போது கிடைக்கும் உத்தரத் துண்டு இன்னும் நல்லது, பல வருடம் காய்ந்தது, இனி சுருங்காது. நம் ஈரக்காற்றில் காயாத மரத்தைப் பிடியாகப் போட்டால் வேனலில் பிளக்கும்.

நம்ம ஊர் கடல்காத்துக்கு இதெல்லாம் துருப்பிடிக்காதா? ஸ்டெயின்லெஸ் வாங்கினா போதாதா?

பிடிக்கும். நமக்கு ஆனி ஆடி மழையும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு, குளச்சல், முட்டம், சின்னமுட்டம் பக்கம் காற்றிலேயே உப்பு. தினம் கையில் எடுக்கும் கத்திக்குத் துடைத்துத் தேங்காயெண்ணெய் தடவினால் போதும். மாதக்கணக்கில் வைக்கும் கத்திக்குத் தையல் மெஷின் எண்ணெய் மேல். தோலுறைக்குள் வைத்துப் பூட்டாதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும், பதனிட்ட மருந்தும் உருக்கைத் தின்னும். உறை தனி, கத்தி தனி. புளி, மாங்காய், வாழைப்பூ பட்டு நீலச்சாம்பல் நிறம் ஏறினால் பயப்பட வேண்டாம், அது துருவை ஓரளவு தடுக்கும். செம்பழுப்பாகப் பொடி உதிர்ந்தால்தான் துரு, அன்றே எடுத்துவிடுங்கள்.

கடற்கரையில் மீன் வெட்ட மட்டும் என்றால் ஸ்டெயின்லெஸ் வாங்குவதே புத்தி. டி2வைத் துருப்பிடிக்காது என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. அதில் குரோமியம் 12 சதவீதம் அளவு இருந்தாலும் பெரும்பங்கு கரியோடு கட்டுண்டு கிடக்கிறது. நம் காற்றில் புள்ளி விழும்.

ஆசாரிகிட்ட பேரம் பேசலாமா? அட்வான்ஸ் குடுக்கணுமா?

விலையைக் குறைக்கச் சொன்னால் அவர் எதைக் குறைப்பார் என்று யோசியுங்கள். உருக்கில் குறைக்க ஒன்றும் இல்லை, நேரத்தில்தான் குறைப்பார், பெரும்பாலும் நாம் பார்க்க முடியாத பதத்தில். அதனால் "அண்ணே, என்கிட்ட இவ்வளவுதான் இருக்கு, இதுக்கு எது நல்லா வரும்?" என்று கேளுங்கள். மெருகு வேண்டாம், உறை வேண்டாம், சாதா மரப்பிடி போதும் என்று நீங்களே விட்டுக்கொடுங்கள். பதத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

முன்பணம் கொடுப்பது வழக்கம். புதிய ஆளென்றால் உருக்கு வாங்கும் அளவு மட்டும் கொடுத்து, மீதியைக் கத்தி கைக்கு வந்தபின் கொடுங்கள். நீளம், எடை, வலக்கையா இடக்கையா, என்ன வெட்டப்போகிறீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். சொன்ன தேதிக்கு வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுல இத்தனை கத்தி வச்சிருந்தா போலீஸ் பிரச்சினை வராதா?

ஆயுதச் சட்ட விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம் உள்ள கத்திகளை ஆயுத வகையில் சேர்க்கின்றன. வீட்டு வேலை, விவசாயம், அறிவியல், தொழில் இவற்றுக்கென்று செய்தவை அதில் வராது. அடுக்களைக் கத்திக்கும் பாளை அரிவாளுக்கும் பயம் இல்லை. வாள், குத்துவாள் போன்றவற்றைச் சேர்க்க நினைத்தால் முதலில் விவரமறிந்த வக்கீலைக் கேளுங்கள். எதுவானாலும் இடுப்பில் சொருகிக்கொண்டு வெளியே நடக்காதீர்கள். பட்டறையிலிருந்து கொண்டுவரும்போது பொதிந்து, பைக்குள் அடியில், ரசீதோடு வையுங்கள். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் கைப்பையில் கூடாது, ஒப்படைக்கும் பெட்டியில்தான்.

விலை கூடின கத்தியைப் பயன்படுத்தினா மதிப்பு போயிருமா?

விற்கும் மதிப்பு குறையும். தீட்டிய தடம் விழுந்த கத்திக்குச் சேகரிப்பவர் குறைத்துத்தான் கொடுப்பார். ஆனால் ஒருமுறைகூட வெட்டாத கத்தியின் பதம் உங்களுக்கே தெரியாது, நான்காவது பதிலில் சொன்ன அத்தனை சோதனையும் வெளியிலிருந்து தட்டிப் பார்ப்பதுதான். பெயருக்காக வாங்கியதை வைத்திருங்கள், மற்றதையெல்லாம் அடுக்களைக்கு எடுத்து வாருங்கள். என் வீட்டில் தினம் ஏத்தங்காய் சீவுவது நான் வாங்கியதிலேயே விலை கூடியவற்றில் ஒன்று.

தாத்தாவோட பாளை அரிவாள் இருக்கு, பரணில கிடக்கு, துருவேறிட்டு. ஒருத்தர் ரெண்டாயிரம் தரேன்ங்காரு. குடுத்திரலாமா?

பணம் அவசரமாக வேண்டுமென்றால் அது உங்கள் விருப்பம், யாரும் குறை சொல்ல முடியாது. அவசரமில்லை என்றால் கொடுக்காதீர்கள். அடித்தவரின் முத்திரை அதில் இருக்காது, அதனால் வெளிச்சந்தையில் அதற்குப் பெயர் விலை கிடைக்காது. ஆனால் வாங்க வந்தவருக்கு அது என்னவென்று தெரிந்திருக்கிறது.

கிரைண்டர் கடையில் கொடுத்துப் பளபளப்பாக்கிவிடாதீர்கள். அங்கே வரும் சூட்டில் பதம் போய்விடும், நீல நிறம் பற்றிச் சொன்னது நினைவிருக்கும். மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறவைத்து, மெல்லிய எஃகுக் கம்பளியால் கையாலேயே தேயுங்கள். துருவுக்கு அடியில் இருக்கும் கறுப்பை விட்டுவிடுங்கள். பிடி ஆடினால் புதுப்பிடி போடாமல் பழையதையே இறுக்கித் தர நல்ல ஆசாரியால் முடியும். பெட்டியும் தீட்டுக்கட்டையும் பரணில் எங்கேயாவது கிடக்கும், தேடி எடுத்துச் சேர்த்து வையுங்கள். பாட்டியோ பெரியப்பாவோ இருந்தால் எந்தப் பட்டறையில் அடித்தது, எத்தனை பனை ஏறினார், எந்த ஊர்க் காட்டில் என்று கேட்டு ஒரு தாளில் எழுதி, அந்தப் பெட்டிக்குள்ளேயே போடுங்கள்.